நெளியாத கோடு

கோட்டைப்பட்டினத்தில் ஜெட்டிக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கயிறு, மிதவை, ஈயக்குண்டு, வலை நூல் என்று படகுக்காரர்களுக்கு வேண்டியதை விற்கிறேன். அடுத்த கதவு சத்யாவின் கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது என்று ஊருக்கு நூறு வேலை செய்கிறாள். ஆனாலும் படகுக்காரர்களுக்கு அவள் 'ஜிபிஎஸ் அக்கா'தான். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட வாசலில் நின்று "அக்கா இருக்கா?" என்பார்கள். "ஒம்ம மக வயசுய்யா அதுக்கு" என்று நான் வம்புக்கு இழுப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போவார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எந்த இடத்தில் நண்டு ஏறும், எங்கே பாறையில் சிக்கி வலை கிழியும் என்பதெல்லாம் இப்போது எங்கள் ஆட்கள் கையில் வைத்திருக்கும் சின்ன ஜிபிஎஸ் செட்டுக்குள்தான் இருக்கிறது. நல்ல இடம் கிடைத்தால் ஒரு பட்டனை அழுத்திக் குறித்துக்கொள்வார்கள். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். அண்ணனுடைய பாயிண்ட்டைத் தம்பி கேட்டால்கூடச் சும்மா கொடுக்காத ஊர் இது. படகு போன வழியையும் அந்தச் செட்டு தானாகவே ஒரு கோடாகப் போட்டு வைத்துக்கொள்ளும். உப்புக்காற்றில் செட்டு செத்துப்போனால், உள்ளே இருப்பதை எடுத்து வேறு செட்டுக்கு மாற்றித் தருவது சத்யாவின் வேலை.

எங்கள் ஆட்கள் வைத்திருப்பதெல்லாம் பல கை மாறி வந்த பழைய சரக்கு. இன்றைய கம்ப்யூட்டரில் அதைச் செருகினால் ஒரு சத்தம் வரும், இது என்ன சாதனமென்று தெரியவில்லை என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அதற்காகவே விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கடை மூலையில் வைத்திருந்தாள். உலகம் எக்ஸ்பியைத் தலைமுழுகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அதிலும்கூடச் செருகியவுடன் வேலை நடக்காது. செட்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். கம்பெனி கொடுத்த டிரைவர் தனக்குத் தெரிந்த செட்டுகளை மட்டும்தான் உள்ளே விடும். சத்யா அந்த டிரைவர் ஃபைலை நோட்பேடில் திறந்து, வந்திருக்கும் செட்டின் அடையாள எண்ணை அதில் ஒரு வரியாகச் சேர்ப்பாள். அப்புறம் ஏற்றுவாள். உடனே ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். இது சோதிக்கப்படாத டிரைவர், கம்ப்யூட்டருக்குக் கேடு வரலாம் என்று பயமுறுத்தும். கீழே இரண்டு பட்டன். ஒன்று நிறுத்துவதற்கு, மற்றது பரவாயில்லை என்று தொடருவதற்கு. இரண்டாவதை அவள் பார்க்காமலே தட்டிவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பாள்.

திரையில் வருகிற கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள். கையால் சுக்கான் பிடித்துப் போனால் கோடு நெளியும். கை கொஞ்சம் விலகும், திருத்தும், மறுபடி விலகும். சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் நெளிவு இருக்காது. நீரோட்டம் இழுக்கிற பக்கம் லேசாகச் சாய்ந்து வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு, முன்முனையான அணியத்துக்குப் போய், விளிம்பில் நின்று, ஒன்றுக்குப் போகக் கைலியை ஒதுக்குவார்கள். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்று காரணம் சொல்வார்கள். எல்லாரும் செய்வார்கள், ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"மறுபடியும் கட்டிப் போட்டுட்டு முன்னாடி போய் நின்னீங்களா? கோடு காட்டிக் குடுக்குது பாருங்க" என்பாள் சத்யா.

மீசை நரைத்த ஆட்கள் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நெளிவார்கள். நான் என் கடையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

சத்யா கடற்கரைப் பெண் இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். படித்து முடித்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கேதான் எங்கள் ஊர் முத்துராஜ் ஒரு ஜிபிஎஸ் செட்டை பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். மற்ற கடைகளில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இவளுக்கும் அதைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. இணையத்தில் தேடித் தேடி, டிரைவர் ஃபைலில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்று யாரோ எங்கோ எழுதி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, பயந்து பயந்து செய்தாளாம். செட்டு திறந்துகொண்டது. அவள் வாழ்க்கையில் மாற்றி எழுதிய முதல் டிரைவர் அதுதான். அப்புறம் அவன் மாதத்துக்கு ஒரு தடவை பாயிண்ட் காணவில்லை என்று பஸ் ஏறி வந்துகொண்டே இருந்தான். "செட்டுல ஒரு கோளாறும் இல்லன்னு எனக்கு ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சுண்ணே. நான்தான் சொல்லல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் ஆனதும் பிறந்த வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். கடல்காரனை நம்பிப் போனவள் கடலோடேயே இருந்துகொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவளும் இருந்துகொண்டாள். மீன் வாடை பிடிக்காமல் முதல் ஆறு மாதம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்த பெண், பிறகு நண்டை உடைத்துத் தின்பதில் எங்கள் பெண்களையே தோற்கடித்தாள். முத்துராஜ் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். ஹரிணி பிறந்தாள். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதை நான் பக்கத்துக் கடையிலிருந்து பார்த்தவன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகை மாதம். முத்துராஜும் அவன் தம்பி கார்முகிலும் சேர்ந்துதான் எப்போதும் நண்டு வலைக்குப் போவார்கள். அன்றைக்குக் கார்முகில் மாமியார் வீட்டில் காதுகுத்து. ஒரு நாள் விட்டுவிடலாம் என்று சத்யா சொன்னாள். வலை தண்ணீரில் கிடந்தால் நண்டு கெட்டுவிடும், போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று முத்துராஜ் தனியாகவே படகை எடுத்தான். திரும்பி வரவில்லை.

தேடிப் போனவர்கள் வலையைக் கண்டார்கள். போட்டது போட்டபடி, நண்டு நிறைந்து கிடந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. சில நாள் கழித்துத் தொண்டிக்குத் தெற்கே படகு கிடைத்தது. டீசல் ஒரு சொட்டு இல்லை, பாதிப் படகுக்கு மழைத் தண்ணீர். கண்டெடுத்தவர்கள் நல்லவர்கள். படகில் இருந்த கயிற்றுக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, தங்கள் கயிற்றைப் போட்டுக் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்துவிட்டார்கள். எது எதில் கட்டியிருந்தது என்று அவர்களிடம் கேட்க எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. பெட்டிக்குள் பாலிதீன் பையில் அந்த ஜிபிஎஸ் செட்டு இருந்தது. திரை செத்துப்போயிருந்தது.

உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காவிட்டால் ஊருக்கு வாய் கிடைத்துவிடும். வலையைத் தாண்டிப் போயிருக்கிறான், டீசல் தீருகிற வரை ஓட்டியிருக்கிறான், அப்படியென்றால் வேண்டுமென்றேதான் போயிருக்கிறான் என்று ஒருவன் கணக்குப் போட்டான். அக்கரைக்கு, இலங்கைக்குப் போய்விட்டான் என்றான் இன்னொருவன். ராமேஸ்வரத்தில் ஒரு பெண்ணோடு பார்த்ததாகக் கண் காது மூக்கு வைத்துச் சொன்னான் மூன்றாவது ஆள். அந்த ஆள் ராமேஸ்வரத்துக்குப் போனதே இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கடைக்கு வந்து கயிறு கேட்கிற சாக்கில் இதைப் பேசியவர்களுக்கு நான் கயிறு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடை நிறையக் கயிறு தொங்கிக்கொண்டிருக்கும். அவர்களும் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன்.

முத்துராஜின் தாய் அழகம்மாள் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டது. "போனாப் போறான். உசுரோட இருந்தாப் போதும்" என்றது. மகன் படத்துக்கு மாலை போடவிடவில்லை. காரியம் செய்யவிடவில்லை. அவன் செல்போன் நம்பர் செத்துவிடக் கூடாது என்று கார்முகிலை விட்டு ரீசார்ஜ் போடவைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் போன் அவன் சட்டைப் பையோடு கடலில் போனது. "அவன் ஒரு நாளு கூப்பிடுவான்டா. அன்னைக்கு நம்பரு இல்லாமப் போயிரக் கூடாது" என்று சொல்லும்.

சத்யா நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் கடைக்கு வந்தாள். பொட்டு வைத்தால் ஓடிப்போனவனுக்கு என்ன பொட்டு என்றார்கள். ஒருநாள் வைக்காமல் வந்ததற்குப் புருஷன் உயிரோடு இருக்கும்போதே வெறும் நெற்றியைப் பார் என்றார்கள். எப்படி இருந்தாலும் பேசுகிற வாய்க்கு அவள் என்ன செய்வாள்?

போலீஸ் விசாரணை முடிந்து செட்டு அவள் கைக்கு வந்தது. அதற்குள் ஒரு மழைநாளில் இடி விழுந்து அவளுடைய கம்ப்யூட்டரின் போர்டும் டிஸ்க்கும் போயிருந்தன. பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொருவர் செட்டுக்கும் மறுபடி டிரைவரைத் திருத்திப் போட்டாள். முத்துராஜின் செட்டை மட்டும் மஞ்சள் பையில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அதைத் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அதுக்கு டிரைவர் கிடைக்கல" என்று சொன்னாள். ஊர் நம்பியது. முதல் டிரைவரை எந்தச் செட்டுக்காக மாற்றினாள் என்ற கதை தெரிந்த நான் எப்படி நம்புவேன்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. சில பொய்களை மேலே கை படாமல் விட்டுவிட வேண்டும்.

இந்த வருஷம் இரண்டு காரியம் சேர்ந்தாற்போல் நடந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் டொக் டொக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. "இது இனிமே ரொம்ப நாளைக்கு ஓடாதுண்ணே. இதே மாதிரி இன்னொண்ணு தேடிப் பாத்துட்டேன். எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க" என்றாள். மற்றொன்று, ஹரிணி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தது. கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று என்னவோ சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் எங்கிருந்து பேசும்? வீட்டில் கேட்டதைத்தான் பேசும். "அப்பா நம்மள வேணாம்னுதான் போனாங்களாம்மா?" என்று ஹரிணி கேட்டது. நான் என் கடையில் ஈயக்குண்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். சத்யா பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம். எங்கள் சாலையில் பாதிக் கடை மூடியிருந்தது. சத்யா வந்து என் கடை வாசலில் நின்றாள்.

"அண்ணே, செத்த வந்து கூட இருங்களேன். அவுக செட்டத் தெறக்கப் போறேன்."

உள்ளே கார்முகில் முன்னமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் போன நாளிலிருந்து அவன் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. சத்யா செட்டை ஒயரில் செருகினாள். டிரைவர் ஃபைலைத் திறந்து ஒரு வரியைச் சேர்த்தாள். அந்த எண்ணை அவள் எதையும் பார்த்து எழுதவில்லை, மனப்பாடமாகவே அடித்தாள். எச்சரிக்கைப் பெட்டி வந்தது. அங்கேதான் அவள் கை நின்றுவிட்டது.

"டிரைவர் கிடைக்காம இல்லண்ணே" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே. "தெறக்காத வரைக்கும் எதுவா வேணும்னாலும் இருக்கலாம்ல. ஓடிப்போனாகன்னா உசுரோட இருக்காக. கடல்ல போயிட்டாகன்னா எங்கள விட்டுட்டுப் போகல. ரெண்டுல எது வேணும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"மதினி, மனசு இல்லன்னா விட்டுருவோம்" என்றான் கார்முகில்.

நிறுத்துகிற பட்டனின் மேல் அம்புக்குறி போய் நின்றது. டிஸ்க் டொக் டொக்கென்று அடித்தது. "ஹரிணி கேட்டுச்சுல்ல. அதுக்கு நான் எதையாச்சும் சொல்லணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் மற்ற பட்டனைத் தட்டினாள்.

செட்டு பேசியது. கடல் நீலமாகத் திரையில் விரிந்தது, அதன்மேல் கோடு கோடாக முத்துராஜ் போய்வந்த வழிகள். நடுவே சின்னச் சின்ன மீன் படங்கள். இங்கிலீஷ் எழுத்து வராது என்று அவன் தன் பாயிண்ட்டுகளுக்கெல்லாம் மீன் படம்தான் போட்டு வைப்பான். சத்யா கடைசிக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்தாள்.

கரையிலிருந்து கிளம்பிய கோடு நெளிந்து நெளிந்து போனது. அவள் விரலால் திரையைத் தொட்டாள். "அவுக கை" என்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்! ஒரு கணம்தான்.

கோடு தென்கிழக்கே போனது. வலை கிடந்த இடத்து மீன் படத்துக்குப் பக்கத்தில் வந்தது. நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. வலையைத் தாண்டி, நடுக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த ராமேஸ்வரத்துக் கதை உண்மைதானா, நான்தான் இத்தனை நாள் முட்டாளாக மல்லுக்கு நின்றேனா என்று தோன்றியது. கார்முகில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "தாண்டித்தான் போயிருக்கு" என்று முணுமுணுத்தான்.

சத்யா கோட்டைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கரைப் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தாள். வலைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"கார்முகிலு, இங்கிட்டு வரைக்கும் நெளியுது" என்றாள். "இதுக்கு அங்கிட்டு நெளியல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த இடத்துக்கு அப்புறம் கோடு வழவழவென்று, தெற்கே லேசாகச் சாய்ந்து, ஒரு நடுக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. யார் கையும் அதில் இல்லை. டீசல் தீர்ந்த இடத்தில் அது நின்று, பிறகு காற்று தள்ளிய பக்கமெல்லாம் கிறுக்கிக்கொண்டே கரைப்பக்கம் போனது.

"கட்டியிருக்கு" என்றான் கார்முகில். "சுக்கானக் கட்டிப்புட்டு அணியத்துக்குப் போயிருக்கு மதினி. வலை வர்றதுக்குள்ள திரும்பி வந்து அவுத்துருக்கணும். வரல. நான் இருந்துருந்தா எட்டிப் புடிச்சுருப்பேனே. சும்மா கைய நீட்டியிருந்தாப் போதுமே." இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பேர் இருக்கிற படகில் அது ஒரு விஷயமே இல்லை. ஒருவன் விழுந்தால் மற்றவன் படகைத் திருப்பிவிடுவான், அதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்குத் தனியாகப் போகிறோம் என்பது கைக்குத் தெரியவில்லை. தினமும் கட்டுகிற கை அன்றும் கட்டிவிட்டது. அவன் தண்ணீரில் கிடந்து பார்த்திருப்பான், தன் படகு தன்னை விட்டுவிட்டு அவ்வளவு ஒழுங்காகப் போவதை.

சத்யா திரையில் இரண்டு விரலை வைத்தாள். ஒரு விரல் நெளிவு நின்ற இடத்தில், மற்றது வலையில். "இதுக்குள்ளதான்" என்றாள். "இதுக்குள்ள எங்கயோ."

எனக்கு எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. "ஊரு வாய இன்னைக்கே அடைச்சுருவோம் தங்கச்சி. அவன் ஓடிப்போகல. ஒன்னய விட்டுட்டுப் போகல. எவனாச்சும் பேசட்டும், கூட்டியாந்து இதக் காட்டுறேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஓடிப்போயிருக்கக் கூடாதாண்ணே?" என்றாள். "எவகூடயாச்சும் எங்கயாச்சும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. நான் பாட்டுக்கு வைஞ்சுக்கிட்டே கெடந்துருப்பேனே."

அப்புறம்தான் அழுதாள். நான்கு வருஷத்து அழுகை. தொழுகை முடிந்து திரும்பியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அழகம்மாளைக் கூட்டிவந்து காட்டினோம். அது திரையை வெகுநேரம் பார்த்தது. "கோடு போயிக்கிட்டேதானடா இருக்கு? அப்ப எம்மவனும் போயிக்கிட்டுத்தான இருக்கான்?" என்று கார்முகிலைக் கேட்டது. அவன் தாயின் காலடியில் உட்கார்ந்து, சுக்கானைக் கட்டியதைச் சொன்னான். அதற்குமேல் அழகம்மாளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடல்காரன் பெண்டாட்டி, கடல்காரன் தாய். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பியது.

"அந்த நம்பருக்கு இனிமே போட வேணாம்டா" என்றது.

காரியத்தன்று கார்முகில் படகை எடுத்தான். எங்கள் ஊரில் பெண்கள் படகு ஏறுகிற வழக்கம் இல்லை. சத்யா யாரையும் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டாள். கூட நானும் போனேன். ஆயுள் முழுக்கப் படகுக்குக் கயிறு விற்கிறேன், அலையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அன்றும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கார்முகிலின் செட்டில் அந்த இரண்டு இடத்தையும் சத்யா ஏற்றிக் கொடுத்திருந்தாள். முதல் இடம் வந்ததும் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். கடலில் போனவர்களுக்கு, போன இடத்தில் பால் ஊற்றுவார்கள். இங்கே இடம் எது என்று யாருக்குத் தெரியும்? சத்யா சொம்பைச் சாய்த்து நூலாக ஊற்ற ஆரம்பித்தாள். படகு நகர நகர ஊற்றிக்கொண்டே வந்தாள், எந்த இடமும் விட்டுப்போகாதபடி. வலைப் பாயிண்ட் வந்தபோது சொம்பு காலியாகியிருந்தது. திரும்பி வருகிறவரை கார்முகில் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் மழைக்காலம் வரைக்கும் ஓடிவிட்டு நின்றுபோனது. சத்யா இன்னும் கடைக்கு வருகிறாள். பொட்டு இல்லை. பழைய செட்டோடு வருகிறவர்களிடம் இனிமேல் முடியாது என்று சொல்லி அனுப்புகிறாள். சுக்கானைக் கட்டிவிட்டு முன்னால் போகாதீர்கள் என்று மட்டும் எல்லாரிடமும் சொல்கிறாள். தலையை ஆட்டுகிறார்கள். கட்டத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் அறந்தாங்கியிலிருந்து வலை வியாபாரி ஒருவர் என் கடைக்கு வந்திருந்தார். ரொம்ப நாள் கழித்து வருகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஹரிணி என் கடையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அவர் நல்ல மனசோடுதான் கேட்டார்.

"முத்துராஜ் மகதானம்மா நீ? அப்பா எங்கயோ போயிட்டாருன்னாங்களே, வந்துட்டாரா?"

நான் பேச்சை மாற்றுவதற்குள் ஹரிணி எழுந்து நின்றுவிட்டது. கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தது. வகுப்பில் முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற பிள்ளையைப் போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னது.

"எங்கப்பா எங்கயும் ஓடிப்போகல. செத்துப்போயிட்டாங்க."

அடுத்த கடையில் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஓடியது.